ரிவிஷனிசம்: திரிபா, மீளாய்வா?

கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சிலையைக் காட்டி, "இவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறோம்?" என்று கேட்டால் போதும், மறுநாள் செய்தியில் 'வரலாற்றுத் திரிபு முயற்சி' என்று வந்துவிடுகிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட வரலாற்றை மறுபடி ஆராய்வதை ஆங்கிலத்தில் ரிவிஷனிசம் என்பார்கள். அதற்கு இப்படி ஒரு தமிழ்.

மூலம் லத்தீன். மறுபடி பார்ப்பது என்று பொருள், அவ்வளவுதான். குற்றம் ஏறியது அரசியலில். 1890-களின் இறுதியில் ஜெர்மன் சோஷலிஸ்டான எட்வர்ட் பெர்ன்ஸ்டைன் மார்க்சியத்தைத் திருத்தப் புறப்பட்டார். எதிர்த்தவர்கள் வாயில் அந்தச் சொல் வசவானது. தமிழ் இடதுசாரிகளும் 'திருத்தல்வாதம்', 'திரிபுவாதம்' என்று எழுதினார்கள். கட்சிச் சண்டைக்குச் சரி. அதை அப்படியே தூக்கி வரலாற்றின் மேல் ஒட்டலாமா?

"நன்னூலில் திரிதல் வெறும் மாற்றம்தானே, பல்லும் பொடியும் பற்பொடி ஆவதில்லையா?" என்பார்கள். ஆகிறது. ஆனால் செய்தி படிக்கிறவருக்கு நன்னூலா நினைவுக்கு வரும்? திரிந்துபோன பால்தான் வரும். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2020 ஜூனில் கவிழ்க்கப்பட்ட எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையைப் பாருங்கள். வைத்தது 1895-இல். பீடத்துப் பலகை அவரை அந்நகரின் ஒழுக்கமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்றது. அவர் பங்குகொண்ட அடிமை வணிகத்தைப் பற்றி மூச்சே இல்லை. அதையும் எழுதுங்கள் என்று கேட்டவர்கள் திரித்தார்களா, பலகை எழுதியவர்கள் திரித்தார்களா? 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றச் சொல்லி 1927-இல் இளைஞர்கள் போராடிச் சிறைக்குப் போனார்கள். 1937-இல் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. அதை இன்று யாரும் திரிபு என்பதில்லையே!

சிலர் 'மறுவாசிப்பு' என்கிறார்கள். நூலுக்கு நல்ல சொல். சிலைக்கும் தெருப்பெயருக்கும் போட்டால் இலக்கியக் கூட்ட வாடை அடிக்கிறது. 'மீளாய்வு' போதும். 'வரலாற்று மீளாய்வு' என்றால் எவருக்கும் புரியும். 'வாதம்' என்ற வாலும் வேண்டாம். கேள்வி கேட்பது ஒரு கொள்கை அல்ல. இசத்தைக் கண்டதும் வாதத்தை ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது எப்போது உறைக்குமோ.

யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்களும் தங்களை ரிவிஷனிஸ்டுகள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். 'வரலாற்றுத் திரிபு' அவர்களுக்குத்தான் பொருந்தும். அதை மாணவர்கள் மேல் செலவழித்துவிட்டால், இவர்களைச் சொல்ல வேறு சொல்லுக்கு எங்கே போவது?