என்ட்ரோபி பிறந்த கணக்கு

என்ட்ரோபி என்றதும் 'ஒழுங்கின்மையின் அளவு' என்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது பிற்பாடு வந்த விளக்கம். பிறந்தபோது அது ஒரு வகுத்தல் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கின் மேல்தான் பிரியம் அதிகம்.

1824-ல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ நீராவி எஞ்சின் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 28 வயது. மேட்டிலிருந்து விழும் தண்ணீர் ஆலைச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சுற்றியபின் தண்ணீர் குறைந்துவிடுவதில்லை. வெப்பமும் அப்படித்தான், சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு இறங்கும்போது எஞ்சினை ஓட்டுகிறது, தான் குறைவதில்லை என்றார். வெப்பத்தை அழியாத ஒரு திரவமாக நினைத்த காலம் அது. நூலை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1832-ல் காலராவுக்குப் பலியானார். அவர் விட்டுப்போன குறிப்புகள் 1878-ல் அச்சானபோதுதான் தெரிந்தது, அந்தத் திரவக் கொள்கையை அவரே கைவிட்டிருந்தார் என்று!

1840-களில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், தண்ணீரைத் துடுப்பால் கலக்கி, வேலை வெப்பமாக மாறுவதை அளந்து காட்டினார். அப்படியானால் எஞ்சினில் வெப்பம் செலவாகத்தான் செய்கிறது. ஆனால் வாங்கும் வெப்பத்திலிருந்து எந்த எஞ்சினும் தரக்கூடிய வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை இருபக்க வெப்பநிலைகளே தீர்மானிக்கின்றன என்ற கார்னோவின் முடிவு அசைக்க முடியாததாக இருந்தது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மானியர் ருடால்ஃப் கிளாசியஸ்.

குறையே இல்லாத ஓர் எஞ்சின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 கெல்வினில் 400 ஜூல் வெப்பத்தை வாங்குகிறது (கெல்வின் வெப்பநிலையின் அலகு, ஜூல் பெயரிலேயே உள்ள ஜூல் ஆற்றலின் அலகு). 100 ஜூல் வேலை செய்கிறது. மீதி 300 ஜூலை 300 கெல்வினில் விடுகிறது. வெப்பம் குறைந்துவிட்டது, சரி. இப்போது வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள். உள்ளே வந்தது 1, வெளியே போனதும் 1. கார்னோ தேடிய 'குறையாத ஒன்று' இதுதான்! 1854-லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்ட கிளாசியஸ், 1865-ல் அதற்கு என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். மாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து, 'எனர்ஜி' போலவே ஒலிக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்தார்.

ஆனால் அந்த எஞ்சின் கற்பனை. மேசையில் ஆறும் டீயைப் பாருங்கள். டீ 360 கெல்வின், அறை 300. 180 ஜூல் வெப்பம் கைமாறினால் டீ இழக்கும் என்ட்ரோபி 0.5, அறை பெறுவது 0.6. எங்கிருந்தும் வராமல் 0.1 கூடிவிட்டது. அதே வெப்பம் தானாகத் திரும்பி டீக்குள் ஏற வேண்டுமானால் அந்த 0.1 இல்லாமல் போக வேண்டும். அது மட்டும் நடப்பதில்லை.