அந்த ‘வுட் பி’யை அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு மாணவி தன் பழைய கட்டுரை நோட்டைக் கொண்டுவந்தாள். நர்சிங் முடித்து, திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, வெளிநாட்டில் மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் எழுதும் ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறவள். நோட்டு பிளஸ் டூ காலத்தது. அப்பாவைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘இஃப் மை ஃபாதர் ஹேட் நாட் சோல்ட் தட் லேண்ட், வி வுட் பி ஃபார்மர்ஸ் டுடே.’ அந்த ‘வுட் பி’யைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘வுட் ஹேவ் பீன்’ என்று எழுதி, ஓரத்தில் ‘டைப் 3’ என்று போட்டிருந்தது. அரை மதிப்பெண் போயிருந்தது.

பிள்ளைகளை டவுனில் படிக்கவைக்க அப்பா விற்ற நிலம் அது. விற்றது அன்றைக்கு. விவசாயக் குடும்பமாக இல்லாமல் போனது இன்றைக்கும் தொடர்கிறது. இரண்டையும் ஒரே வரியில் அந்தப் பெண் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். “அதுக்கப்புறம் இஃப் போட்டு எழுதவே பயம் மிஸ். சின்னச் சின்ன வாக்கியமா எழுதிருவேன்” என்றாள்.

இந்த ஆண்டில் என் கைக்கு வந்த இப்படிப்பட்ட நான்காவது நோட்டு இது. 18 ஆண்டுகளாக மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பிழையைத் திருத்துவது எனக்கு அலுப்பே தந்ததில்லை. சரியாக எழுதிய பிள்ளையைத் தப்பென்று நம்பவைத்திருப்பதை மாற்றுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே ஒரு நம்பிக்கை: ‘இஃப்’ போட்டு எழுதும் நிபந்தனை வாக்கியம் மூன்று வகை (நடக்கக்கூடியது, இன்றைய கற்பனை, நேற்றைய கற்பனை), முன்பாதி எந்த வகையோ பின்பாதியும் அதே வகையாக இருக்க வேண்டும், கலந்தால் தப்பு. மொழியின் இலக்கணம் இப்படிச் சொல்லவில்லை. டைப் 1, டைப் 2, டைப் 3 என்ற எண்கள் வகுப்பில் பாடம் நடத்த வசதியாகப் போட்டவை. 1985-இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணத்தைப் பாருங்கள். நடக்கக்கூடியது, வெறும் கற்பனை என்ற பிரிப்பைத்தான் அவர்கள் அடிப்படையாக வைக்கிறார்கள். 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணமும் பெயரை மாற்றி அதே இரண்டைத்தான் சொல்கிறது. கிணற்றில் நீச்சல் பழகும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். அந்த எண்களும் அப்படித்தான். பழகிய பிள்ளை குடுக்கையைக் கழற்றிவிட்டு நீந்தினால், அதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பதா?

இன்னொரு கோணத்திலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை அவ்வளவு லேசில் போகாது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியின் பேச்சையும் கேளுங்கள். “அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா, இன்னைக்கு இப்படிப் படுத்திருக்க மாட்டாரு.” முன்பாதி நேற்றைய கதை, பின்பாதி இந்த நிமிடம். “நான் மட்டும் நீச்சல் தெரிஞ்சவளா இருந்தா அன்னைக்கே குதிச்சிருப்பேன்.” முன்பாதி என்றைக்கும் உள்ள நிலை, பின்பாதி முடிந்துபோன நாள். தமிழில் நாம் பிறந்தது முதல் காலத்தைக் கலந்துதான் பேசுகிறோம். வாழ்க்கை அப்படி இருக்கிறது, நேற்றுச் செய்தது இன்றைக்கு வந்து நிற்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் மிக்ஸ்டு கண்டிஷனல் என்கிறார்கள். பெயர் மிரட்டுகிறதே தவிர, சரக்கு நம் வீட்டில் உள்ளதுதான்.

‘இப்போது’ என்ற அர்த்தத்தில் ஏன் இறந்தகாலம் வருகிறது என்று வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். ‘இஃப் ஐ ஹேட் மணி நவ்’ என்பதில் ‘ஹேட்’ எதற்கு? ‘நாளைக்கு வந்தால்’ என்கிறீர்களே, அந்த ‘வந்தால்’ எதிலிருந்து வந்தது? ‘வந்து’ என்ற இறந்தகால அடியிலிருந்துதான். நாளைக்கு வருவதற்கு இறந்தகால உருவம் எதற்கு என்று நாம் என்றைக்காவது தடுமாறியது உண்டா? ஆங்கிலமும் உண்மையில்லாததைச் சொல்லும்போது வினையை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. இன்றைய கற்பனைக்கு ஒரு படி: ‘ஹேட்’, ‘வேர்’, ‘நியூ’. நேற்றைய கற்பனைக்கு இரண்டு படி: ‘ஹேட் சோல்ட்’, ‘ஹேட் நோன்’. விளைவுப் பக்கத்தில் இன்றைக்கு ‘வுட்’, நேற்றைக்கு ‘வுட் ஹேவ்’. இவ்வளவுதான் கணக்கு.

ஆகவே வாக்கியத்தை எழுதும் முன் எந்த டைப் என்று யோசிக்காதீர்கள். இரண்டு பாதிகளையும் தனித்தனியாக நிறுத்தி, ஒவ்வொன்றிடமும் ‘நீ எப்போது?’ என்று கேளுங்கள். நிலத்தை விற்றது எப்போது? முன்பு. ஆகவே ‘ஹேட் நாட் சோல்ட்’. விவசாயிகளாக இருப்பது எப்போது? இன்றைக்கு. ஆகவே ‘வுட் பி’. முடிந்தது. ‘வுட் ஹேவ் பீன்’ என்று போட்டால் இலக்கணம் இடிந்துவிடாது, ஆங்கிலேயரே சிலசமயம் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அர்த்தம் முடிந்துபோன பக்கமாகச் சாய்கிறது. அவள் சொல்ல வந்தது முடிந்துபோன கதை அல்ல.

முன்பாதி என்றைக்கும் உள்ள நிலை, பின்பாதி நேற்றைய விளைவு என்ற மறுபக்கக் கலப்புதான் நேர்காணலில் உண்மையில் கைகொடுப்பது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ‘நான் பொறுமைசாலி, இல்லையென்றால் அந்த வாடிக்கையாளரை இழந்திருப்போம்’ என்று சொல்ல வேண்டும். ‘இஃப் ஐ ஹேட்ன்ட் பீன் பேஷன்ட்’ என்றால் அன்றைக்கு ஒருநாள் பொறுமையாக இருந்தேன் என்ற அளவில் நின்றுவிடும். ‘இஃப் ஐ வேர்ன்ட் எ பேஷன்ட் பெர்சன், வி வுட் ஹேவ் லாஸ்ட் தட் கிளையன்ட்’ என்றால் பொறுமை உங்கள் குணம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். வேலைக்கு எடுப்பவர் தேடுவது குணத்தைத்தான்.

ஆனால் இந்தக் கலப்புக்கு ஓர் எல்லை உண்டு. முன்பாதி வெகுநாளாக உள்ள நிலையாக இருக்க வேண்டும்: உயரம், குணம், தெரிந்த மொழி, பயம், உறவுமுறை. ‘நான் இப்போது வீட்டில் இருந்தால் நேற்றுப் பார்சலை வாங்கியிருப்பேன்’ என்றால் எந்த மொழியிலும் உளறல்தான். இன்றைக்கு வீட்டில் இருப்பது நேற்று வந்த பார்சலுக்குக் காரணமாக முடியாது. காரணம் விளைவுக்குப் பின்னால் பிறக்காது. கலக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் பழைய டைப் எண்களைப் புரட்டாமல் இதைச் சோதித்துப் பாருங்கள்.

‘நவ்’ இருந்தால் ‘வுட்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘பை நவ்’ வந்ததும் விழுந்துவிடுகிறார்கள். ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம்: ‘வி வுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்.’ சேர்வது இந்த நொடிக்கு முன்பே முடிந்திருக்கும். அங்கே இருந்திருப்போம் என்றால் ‘வி வுட் பி தேர் பை நவ்.’ சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வினையைப் பாருங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம். தமிழில் ‘போட்டிருந்தால்’ என்ற ஒரே உருவம் இரண்டு வேலை செய்கிறது. “மாத்திரை போட்டிருந்தா இந்நேரம் காய்ச்சல் விட்டிருக்கும்” என்றால் போடவில்லை. “காலையில மாத்திரை போட்டிருந்தா இப்பக் கொடுக்காதீங்க” என்றால் போட்டாரா இல்லையா, சொல்பவருக்குத் தெரியாது. பின்பாதியைக் கேட்டு நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் முன்பாதியிலேயே பிரித்தாக வேண்டும். என் வகுப்பில் ஷிப்ட் ஒப்படைப்பு மாதிரிப் பயிற்சியில் ஒரு செவிலியர், நல்ல அனுபவசாலி, ‘இஃப் ஹி ஹேட் டேக்கன் தி மார்னிங் டேப்லெட், டோன்ட் கிவ் இட் நவ்’ என்றார். தமிழை அப்படியே மாற்றியதால் வந்தது. கேட்பவர் ‘அப்படியானால் போடவில்லையா?’ என்று திருப்பிக் கேட்டால் பிழைத்தோம். கேட்காமல் போனால்? தெரியாத விஷயத்துக்கு ‘இஃப் ஹி ஹேஸ் டேக்கன்’ அல்லது ‘இஃப் ஹி டுக்’. வார்டில் இன்னும் நல்லது, இஃப்பையே விட்டுவிட்டு, போட்டாரா என்று சரிபார்த்துவிட்டுப் பிறகு கொடுங்கள் என்று இரண்டு சின்ன வாக்கியமாகச் சொல்வது.

கலந்தால் தப்பு என்ற அதே நம்பிக்கையால் ‘இஃப் ஹி லெஃப்ட் அட் சிக்ஸ், ஹி வில் பி இன் திருச்சி நவ்’ என்ற வாக்கியத்தையும் ஆசிரியர்கள் அடிக்கிறார்கள். அடிக்காதீர்கள். கிளம்பினாரா என்று தெரியாது, கிளம்பியிருந்தால் இப்போது அங்கே இருப்பார். இது கற்பனை இல்லை, ஊகம். சரியான ஆங்கிலம்.

சில கண்டிப்புகள். இஃப் பாதிக்குள் ‘வுட் ஹேவ்’ போடாதீர்கள். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று அமெரிக்கப் பேச்சில் கேட்டிருப்பீர்கள், தேர்வுத்தாளில் அது பிழைதான். ‘இஃப் யூ வுட் சைன் ஹியர்’ என்பது மரியாதைக்காகச் சொல்வது, அது வேறு கணக்கு. ‘ஐட்’ என்று சுருக்கினால் அது ‘ஐ ஹேட்’டாகவும் இருக்கலாம், ‘ஐ வுட்’டாகவும் இருக்கலாம். சந்தேகம் தீரும்வரை விரித்தே எழுதுங்கள். ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வந்தால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். ‘இஃப் ஐ ஹேட் ஹேட் மணி தென், ஐ வுட் ஓன் தட் ஹவுஸ் நவ்’ என்பதில் இரண்டுமே வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பேச்சுத் தேர்விலும் எழுத்துத் தேர்விலும் மதிப்பிடும் 4 அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று, அதற்கு உள்ள பங்கு கால் பாகம். மிக்ஸ்டு கண்டிஷனல் வந்ததா என்று டிக் போட அங்கே கட்டம் எதுவும் இல்லை. சொல்ல விஷயம் இல்லாத இடத்தில் வலிந்து நுழைத்தால் பேச்சு தடைபடும், அதற்கும் மதிப்பெண் போகும். உங்கள் வாழ்க்கையில் நேற்று எடுத்த முடிவு ஒன்று இன்றைக்கு உங்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், வாக்கியம் தானாக வரும்.

ஆசிரிய நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சுழிக்கும் முன் அந்த வரியைத் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். தமிழில் சரியாகக் கேட்டால், பிள்ளை எந்தக் காலத்தைச் சொல்ல வந்தாள் என்று அவளிடமே கேளுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

செவிலியர்களுக்குக் கடைசியாக ஒன்று. இந்த வாக்கிய அமைப்புக்குள் பழி ஒளிந்திருக்கிறது, எல்லா மொழியிலும். ஓஇடி பேச்சுத் தேர்வின் இரண்டு ரோல் பிளேகளிலும் நோயாளியோடோ அவருடைய உறவினரோடோதான் பேசப்போகிறீர்கள். ‘இஃப் யூ ஹேட் பிராட் ஹிம் எர்லியர், ஹி வுட் பி வாக்கிங் நவ்’ என்பதில் இலக்கணம் முழுக்கச் சரி. எதிரில் அழுதுகொண்டிருக்கும் மகளிடம் அதைச் சொல்லாதீர்கள். ‘யூ பிராட் ஹிம் இன். நவ் வி வில் டூ எவ்ரிதிங் வி கேன்’ என்று சொல்லுங்கள்.