திறக்காத கல்யாண சிடியும் பதிமூணு கண் பாலத்து ரயிலும்

"தம்பி, இது தொறக்கவே மாட்டேங்கு. புனலூர்ல ரெண்டு கடையில காட்டியாச்சு. செத்துப்போச்சுன்னு சொல்லுதாங்க."

பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு அக்கா உட்கார்ந்தார். செங்கோட்டையில் எங்கள் தெருவில் பிறந்து, மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் வாழ்க்கைப்பட்டவர். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அதனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே பழைய வழக்கம். பென் டிரைவில் இருந்தது அவருடைய கல்யாண வீடியோ சிடியின் இமேஜ், ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல். பெண் வீட்டார் எல்லோரும் மீட்டர்கேஜ் ரயிலில் புனலூர் போனதும், கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்தை வண்டி கடந்ததும், ஜன்னலோரம் அவர் அப்பா உட்கார்ந்திருந்ததும் அதில் உண்டு. அந்தத் தடத்தை 2010-இல் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். 2018-இல் திறந்தபோது மீட்டர்கேஜ் இல்லை. அப்பாவும் இப்போது இல்லை. மூல சிடி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

ஒரு இமேஜ் ஃபைல் திறக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. அது எப்படித் திறக்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் திறக்கவில்லை என்பது புரியும்.

சிடியில் இருக்கும் ஃபைல்களை மட்டும் காப்பி செய்வது வேறு, இமேஜ் எடுப்பது வேறு. இமேஜ் என்பது வட்டில் எந்த இடத்தில் எது இருந்ததோ, பொருளடக்கம் முதல் காலி இடம் வரை, அதே வரிசையில் ஒரே ஃபைலாக எழுதி வைப்பது. அதைத் திறக்கும்போது கணினி இல்லாத ஒரு சிடி டிரைவை இருப்பதுபோல் காட்டி, அதற்குள் இந்த வட்டைச் செருகுகிறது. செருகுவதற்கு முன் ஓர் அடையாளத்தைத் தேடுகிறது. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்தின்படி வட்டில் இருப்பதெல்லாம் செக்டார் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு செக்டாருக்கும் 2048 பைட். முதல் 16 செக்டார்களைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதாவது 32,768 பைட் தாண்டி, இன்னும் ஒரு பைட் தள்ளி, 'சிடி001' என்ற ஐந்து எழுத்துகள் இருக்க வேண்டும். இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் 'ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது' என்று செய்தி வரும். கணினி பார்த்த இடத்தில் அந்த ஐந்து எழுத்து இல்லை, அந்தச் செய்திக்குப் பல நேரம் அவ்வளவுதான் அர்த்தம்.

எல்லா வகை இமேஜுக்கும் அடையாளம் தலையில் இருக்காது. மேக் கணினியின் டிஎம்ஜி ஃபைலுக்கு அது கடைசி 512 பைட்டில் இருக்கிறது. விஎச்டி என்ற மெய்நிகர் வட்டுக்கும் வால் பக்கம்தான் முக்கியம். அதனால் டவுன்லோட் கடைசி நொடியில் அறுந்தால்கூட டிஎம்ஜி மொத்தமாகத் திறக்காமல் போகலாம். ஐஎஸ்ஓ வால் அறுந்தும் திறந்துவிடும், உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஃபைல்தான் பாதியில் நின்றுபோகும்.

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுவது என் வழக்கம். விண்டோஸ் 7-க்கு ஐஎஸ்ஓவைத் தானாக மவுன்ட் செய்ய, அதாவது வட்டைச் செருகியதுபோல் திறக்க, தெரியாது, விண்டோஸ் 8-இல்தான் அந்த வசதி வந்தது. வின்ரார் போன்ற மென்பொருள் ஐஎஸ்ஓவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தால், வலது கிளிக் செய்து விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் திறக்கச் சொன்னால் போதும். ஃபைல் சில கேபி மட்டும் இருந்தால் இமேஜுக்குப் பதில் ஏதோ இணையப் பக்கம் இறங்கியிருக்கும். நோட்பேடில் திறந்தாலே தெரிந்துவிடும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியை எட்டும் ஃபைல் ஏறாது, டிவிடி இமேஜ்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். பென் டிரைவிலிருந்தே திறக்காமல் கணினியின் சொந்த டிஸ்க்கில் காப்பி எடுத்து அந்தக் காப்பியில்தான் எதையும் செய்து பார்க்க வேண்டும். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த நிலையில் ஃபார்மேட் செய்யச் சொல்லியோ, ரிப்பேர் செய்யச் சொல்லியோ கேட்கும் எதற்கும் சம்மதிக்கக்கூடாது.

அக்காவின் ஃபைலில் இவை எதுவும் இல்லை. ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்தேன்: 70,20,72,000 பைட். ஐஎஸ்ஓவாக இருந்தால் 2048-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 1,216 மீதி வந்தது. 2352-ஆல் வகுத்தேன். மீதியே இல்லை, சரியாக 2,98,500. அந்த நிமிடமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

2352 எங்கிருந்து வந்தது? சிடியின் ஒரு செக்டாரை முழுப் பலாப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல், சடை, சுளை எல்லாம் சேர்த்து 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் சுளை 2048 பைட். மற்றதில் செக்டார் எங்கே தொடங்குகிறது, எத்தனையாவது என்ற தகவலும், பிழை திருத்தும் 276 பைட்டும் இருக்கும். ஒரு பைட் மாறினாலும் கணக்கு ஃபைல் கெட்டுப்போகும் என்பதால் அந்தக் காவல். இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960-இல் வகுத்த கணிதம்தான் அதற்கு அடிப்படை. ஐஎஸ்ஓ ஃபைல் என்பது சுளையை மட்டும் எடுத்துப் பாத்திரத்தில் அடுக்கியது. 'பின்' வகை ஃபைல் பழத்தைத் தோலோடு வைத்தது.

1993-இல் தரம் வகுத்த விசிடி, அதாவது வீடியோ சிடி, இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றியது. வீடியோவில் ஒரு பைட் தவறினால் திரையில் ஒரு நொடி சதுரக் கட்டம் தோன்றி மறையும், அவ்வளவுதான். எனவே காவலுக்கு இருந்த அதே 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 2048-உடன் 276 சேர்ந்து சுளை 2324 ஆனது. இதனால்தான் ஒரு சிடிக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்யாணம் அடங்கியது. இதனால்தான் விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்கவும் கூடாது. 2048-க்கு மேல் இருப்பதை வெட்டினால், ஒவ்வொரு செக்டாரிலும் படத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய போய்விடும். போனது திரும்பாது.

அக்காவின் ஃபைலை யாரும் வெட்டவில்லை என்று வகுத்தல் கணக்கே சொல்லிவிட்டது. அக்காவின் மைத்துனரை போனில் கூப்பிட்டுக் கேட்டோம். 'பின்' ஃபைலோடு வந்த, அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்னக் 'க்யூ' ஃபைல் எங்கோ போய்விட்டதாம். 'பின்' மட்டும் திறக்காததால் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றிப் பார்த்தாராம். பெயர் மாறியதும் விண்டோஸ் 32,769-ஆம் இடத்தில் போய்த் தேடியது. தோலோடு இருக்கும் பழத்தில் அந்த ஐந்து எழுத்துகள் 37,657-இல் இருந்தன. ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அக்காவுக்கே காட்டினேன்.

காப்பியின் பெயரை மறுபடி 'பின்' என்று மாற்றி, விசிடி இமேஜர் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தேன். அது தோலை உரித்து, 2324 பைட் சுளைகளை வரிசையாகச் சேர்த்து எம்பெக் வீடியோவாக எழுதித் தந்தது. சிடியில் நொடிக்கு 75 செக்டார். 2,98,500-ஐ 75-ஆல் வகுத்தால் 66 நிமிடம் 20 நொடி. வீடியோவும் ஏறக்குறைய அவ்வளவே ஓடியது.

பாலம் வந்தது. 352-க்கு 288 புள்ளிதான், மங்கல்தான். ஆனாலும் வளைவில் பெட்டிகள் திரும்புவது தெரிந்தது. "நிறுத்து தம்பி" என்றார். ஜன்னலோரம் வெள்ளைச் சட்டை. வெகுநேரம் நான் எதையும் தொடவில்லை.

கிளம்பும்போது, போனில் பார்க்க எம்பி4 போதுமே, அந்தப் பெரிய ஃபைலை அழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எம்பி4-ஆக மாற்றும்போது படம் இன்னொரு முறை சுருங்குகிறது. 'பின்' ஃபைலில்தான் கேமராக்காரர் அன்று கொடுத்த சிடியின் ஒவ்வொரு பைட்டும் இருக்கிறது. ஃபைலின் கைரேகை மாதிரி இருக்கும் அதன் ஷா-256 எண்ணை, 64 எழுத்தையும், தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தபின் விண்டோஸின் சர்ட்யூட்டில் கட்டளையில் அதே எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புனலூரில் ஒரு காப்பி, செங்கோட்டையில் அம்மா வீட்டில் ஒன்று.