கோடுகளை எண்ணாதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

போன வாரம் விடியற்காலையில் ஒரு அம்மாவை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தச் சர்க்கரை 38. உடம்பெல்லாம் வியர்வை, பேச்சில்லை. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். விசாரித்தால், இன்சுலின் பென்னுக்கான (பேனா மாதிரி இருக்கும் ஊசிக் கருவி) ஊசி தீர்ந்துவிட்டதாம். மகன் பென்னில் இருந்த மருந்தைப் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து, வழக்கம்போல 20 கோடு போட்டிருக்கிறார். அந்தச் சிரிஞ்சின் கோடுகள் மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானவை, பென்னில் இருந்ததோ 100. உள்ளே போனது 50 யூனிட். இந்த வருடம் நான் பார்க்கும் நான்காவது ஆள் இவர்.

"100 என்றால் பவர் அதிகம், அதனால்தான் இப்படி ஆயிற்றா?" என்று மகன் கேட்டார். இந்தப் 'பவர்' பேச்சுதான் எனக்குப் பெரிய தலைவலி. இதை நம்பி, பென்னுக்கு மாறியதும் தானாகவே டோஸைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சர்க்கரை 400-க்கு மேல் ஏறி வருபவர்களும் உண்டு.

யூனிட் என்பது எடையோ மில்லியோ அல்ல, மருந்து செய்யும் வேலையின் அளவு. 1922-இல் டொராண்டோவில் இன்சுலின் வந்த புதிதில் மாட்டின் கணையத்திலிருந்து அதை எடுத்தார்கள். ஒரு தடவை தயாரித்தது போல அடுத்த தடவை இருக்காது. வீரியம் ஏறும், இறங்கும். எடைபோட்டுக் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும். அதனால் பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்தே யூனிட்டைக் கணக்கிட்டார்கள். பிறகு எல்லா நாடுகளும் ஒப்பிட்டுப் பார்க்க, பிரிட்டன் விஞ்ஞானி ஹென்றி டேல் முயற்சியில் ஒரு பொதுப் பொடி தயாரானது. அதில் ஒரு மில்லிகிராமுக்கு 8 யூனிட் என்று 1925-இல் முடிவானது. தயாரிப்பு இன்று எவ்வளவோ தூய்மையாகிவிட்டது. மனித இன்சுலினில் ஒரு யூனிட் 0.0347 மில்லிகிராம்தான். இவ்வளவு பாடுபட்டது எதற்காக? நோயாளிக்கு 20 யூனிட் என்றால் எந்த ஊரிலும், எந்தப் பாட்டிலிலும் அதே 20 யூனிட்டாக இருக்க வேண்டும் என்பதற்காக. 40, 100 என்று எழுதியிருப்பது ஒரு மில்லியில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறது என்பது மட்டுமே. இரண்டிலும் மருந்து அதேதான்.

40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு கூடும், அல்லது அதே கணக்கில் குறையும். பென்னிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுக்கவே கூடாது. மில்லிக்கு 300 யூனிட் உள்ள பென்களும் இப்போது கடையில் கிடைக்கின்றன. அதில் இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்துக்கடைத் தம்பிகளே, "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று கேட்டால் உடனே எடுத்து நீட்டாதீர்கள். 40-ஆ, 100-ஆ என்று கேளுங்கள். அரை நிமிட வேலை.

வீட்டில் பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தால், ஊசி போடுவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரி 11 மணி ஆனாலும் சரி, எடுக்கிறோம்.