மழைக்காலத்தில் ஹோமர் புறா: பறக்கும்போது வராத குளிர்

தூர ஊரில் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வருகிற புறா இனம் ஹோமர். சென்னையில் ஹோமர் பந்தயம் சூடு பிடிப்பது ஜனவரி பிறந்த பிறகுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுக்கும் நேரம் அது. முதலில் ஆந்திரக் கடலோர ஊர்கள், பிறகு விஜயவாடா, பிறகு நாக்பூர், போபால் என்று வடக்கே போகும் ரயில் பாதையை ஒட்டியே பந்தய தூரமும் நீண்டுகொண்டு போகும். விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 380 கிலோமீட்டர். நாக்பூர் என்றால் ஏறத்தாழ 900. இந்தத் தூரத்தைத் தாங்குகிற உடம்பு ஒரே வாரத்தில் வந்துவிடாது. நவம்பரிலும் டிசம்பரிலும் தினமும் பறந்து பறந்துதான் அது உருவாக வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்ப்பதும் இதே மாதங்களை ஒட்டித்தான்.

அதனால் வடசென்னை மொட்டைமாடிகளில் விடிந்ததும் எழும் முதல் கேள்வி, "இன்னைக்கு விடலாமா, வேணாமா?" என்பதுதான். ஒரு தூறல் விழுந்தாலே கூண்டைத் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். மழையாவது வெயிலாவது, பறந்தால்தான் புறா என்று எல்லா நாளும் விரட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் முதல் வழிதான் அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, மழைத்துளி இறகின் மேல் விழும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் ஹோமரைக் கையில் எடுத்து, சிறகை விசிறியாக விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள். தண்ணீர் பரவாது. உருண்டையாக நின்று, லேசாகச் சாய்த்ததும் ஓடிவிடும். தாமரை இலையில் நடப்பதும் இதுதான். இறகின் நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் மெல்லிய கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையிலிருந்தும் அதைவிட நுண்ணிய இழைகள் பிரிந்து, கொக்கிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இழைகளுக்கு நடுவே இருப்பது காற்று. துளி உட்கார்வது பெரும்பாலும் இந்தக் காற்றின் மேல்தான். இழையைத் தொடும் பரப்பு கொஞ்சம்தான். நுண்துளைகள் நிறைந்த பரப்புகளில் நீர் ஏன் ஒட்டுவதில்லை என்று 1944-இல் கேஸி, பாக்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் வாத்தின் இறகும் உண்டு. எண்ணெய் மட்டுமே இறகைக் காக்கிறது என்ற பொதுவான எண்ணத்தை அந்தக் கணக்கு மாற்றியது. இழைகளின் இடைவெளி ஒழுங்காக இருப்பதுதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது.

புறாவுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி அதற்குச் சிறியது. அந்தக் குறையை ஈடுகட்டுவது, சில இறகுகளிலிருந்து ஓயாமல் உதிரும் வெண்பொடி. கண்ணாடி ஜன்னலில் மோதிய புறாவின் உருவம் அச்சாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பொடிதான். குளிக்க வைத்த தொட்டியில் புறாக்கள் புரண்டு எழுந்த பிறகு, தண்ணீரின் மேல் மெல்லிய வெண்படலம் மிதக்கும். அனுபவமுள்ளவர்கள் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் அதை ஒரு முறை உற்றுப் பார்ப்பார்கள். படலம் நன்றாக மிதந்தால் புறாவின் உடம்பு சரியாக இருக்கிறது. படலமே இல்லையென்றால் இறகும் சரியில்லை, உள்ளே ஏதோ கோளாறும் இருக்கலாம். மழைக்காலத்தில் எந்தப் புறாவை வெளியே விடலாம் என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இறகு உதிர்ந்து முளைக்கும் பருவம் முடியாத புறா என்றால் கதையே வேறு. ஒவ்வொரு சிறகிலும் பறக்க உதவும் முதன்மை இறகுகள் பத்து. அவை உள்ளிருந்து வெளியாக ஒவ்வொன்றாக உதிர்ந்து, பல மாதங்களில் புதிதாகின்றன. கடைசி ஒன்றிரண்டு இன்னும் உறைக்குள் ரத்த ஓட்டத்தோடு வளர்ந்துகொண்டிருந்தால் சிறகில் இடைவெளி விழும். நீர் புகவும் வழி கிடைக்கும். அந்தப் புறாவை அடைமழையில் வேலை வாங்குவது வதைப்பதாகும்.

துளிகள் மோதும் வேகத்தைப் புறா தாங்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தெளிவாகவே கிடைக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளியின் எடை சுமார் 4 மில்லிகிராம். விழும் வேகம் விநாடிக்கு ஆறரை மீட்டர். புறாவின் இரு சிறகுகளின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 25 மில்லிமீட்டர் கொட்டுகிற கனமழையில்கூட, துளிகள் எல்லாம் சேர்ந்து சிறகைக் கீழே அழுத்தும் விசை புறாவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 400 கிராம் உடம்பை மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகும் தசைகளுக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் அதே மழையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 26 கிராம் தண்ணீர் அந்தச் சிறகுகளின் மேல் விழுகிறது. அதில் எவ்வளவு வழிந்து ஓடுகிறது, எவ்வளவு தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேறு உயிரினங்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2011-இல் வெளவால்களை மழையில் பறக்கவிட்டு அளந்தபோது, நனைந்த வெளவால் பறப்பதற்கு உலர்ந்த வெளவாலைவிட இரு மடங்கு ஆற்றல் செலவழித்தது. நனைந்த பிறகு மேலே மழையும் விழுந்தபோது, துளிகளின் மோதலால் செலவு மேலும் கூடவில்லை. மென்மயிர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதுதான் வினை. மறுபுறம், கலிஃபோர்னியாவில் தேன்சிட்டை விடச் சிறிய ஹம்மிங் பறவைகளைச் செயற்கைக் கனமழையில் பறக்கவிட்டார்கள். உடலைக் கிடையாகச் சாய்த்துச் சிறகை வேகமாக அடித்தன. கூடுதல் செலவு பத்து சதவீதத்துக்குள்தான். இறகு தன் வேலையைச் செய்கிற வரை மழை பறவைக்குப் பெரிய எதிரி ஆகாது.

இனி வெப்பத்துக்கு வருவோம். மழைக்காலப் பயிற்சியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் வெர்னர் நாக்டிகால் குழுவினர் 1980களில் புறாக்களைக் காற்றுச் சுரங்கத்துக்குள் பறக்கவிட்டு, அவை உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். அந்த அளவுகளின்படி பார்த்தால், சீராகப் பறக்கும் பந்தயப் புறா சுமார் 30 வாட் அளவுக்கு ஆற்றலை எரிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 2 வாட்டுக்கு அருகில்தான். எரிப்பதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறும். சிறகை அசைக்கும் வேலைக்குப் போவது மிச்சம்தான். ஆக, பறக்கும் புறாவின் கவலை குளிர் அல்ல, சூடு. அதன் உடல் வெப்பநிலை 41, 42 டிகிரி செல்சியஸ். வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீரை ஆவியாக்கியும், இறகில்லாத இடங்கள் வழியாகவும்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். தூறலில் வட்டமடிக்கும் புறாக்கள் உற்சாகமாக, சில நாள் வழக்கத்தைவிட அதிக நேரம்கூடப் பறப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தப் புறா வந்து கூண்டின் மேல் இறங்குகிறது. அடுத்த சில நிமிடங்களில் 30 வாட் அடுப்பு 2 வாட்டுக்குத் தணிந்துவிடுகிறது. இறகில் தங்கிய தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது. 20 கிராம் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும். மொத்தம் 48 கிலோஜூல். முழுவதையும் உடம்பே தர வேண்டியிருந்தால், ஓய்வில் இருக்கும் புறா ஆறரை மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அத்தனையும் அதற்கே போய்விடும். அதே ஆற்றலை எரித்து வானில் சுமார் 27 நிமிடம், அதாவது 31 கிலோமீட்டர் பறந்திருக்கலாம். சுற்றியுள்ள காற்றும் வெயிலும் ஒரு பங்கைத் தரும் என்பது உண்மைதான். ஈரம் நிறைந்த டிசம்பர் சாயங்காலத்தில், காற்றோட்டமில்லாத மூலையில் அந்தப் பங்கு மிகவும் சுருங்கிவிடும். நனைந்த இறகுக்குள் காற்று தங்காததால் உடல் சூடும் தப்பி ஓடும். புறா உடம்பை உப்பி, தலையை உள்ளிழுத்து, நடுங்கிச் சூடு உண்டாக்கும். பந்தயத்துக்குச் சேர்த்த கொழுப்பு இப்படி இரவோடு இரவாகக் கரையும்.

ஆகவே மழைநாளில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது விடும் நேரத்துக்கு அல்ல, திரும்பும் நேரத்துக்கு. காலையில் தூறலில் நனைந்தால் காய ஒரு பகல் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நனைந்தால் இரவு முழுக்க ஈரத்தோடு உட்கார வேண்டும். மழைக்காலத்தில் மாலைப் பயிற்சியைக் குறைத்துக் காலைப் பயிற்சியை விடாமல் வைத்துக்கொள்வது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. தூறல் என்றால் விடலாம். கொட்டும் மழை, இடி, பலத்த காற்று என்றால் கூடாது. இறங்கியதும் நேராக உள்ளே அடைக்காமல், மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் உள்ள இடத்தில் விட்டால், தானே இறகைக் கோதி, உதறி, கொக்கிகளை மறுபடி மாட்டிச் சரிசெய்துகொள்ளும். அந்தக் கோதும் நேரத்தைப் பறிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரையையும் அதற்குப் பிறகு வைத்தால் போதும்.

சரி, எதற்கு இந்த வம்பு, மழை விடும்வரை அடைத்தே வைத்தால் என்ன? புறாவின் மார்புத் தசையில் பெரும்பாலானவை சிவப்பு இழைகள். கொழுப்பை ஆக்சிஜனோடு எரித்து மணிக்கணக்கில் உழைப்பவை அவை. வெளிர் இழைகள் சிறிதளவுதான். மேலெழும்பவும், பைரி என்னும் வேட்டைப் பறவை துரத்தும்போது பாயவும் உதவும். சிவப்பு இழைகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் கொழுப்பை எரிக்கும் நொதிகளும் வேலை இருந்தால்தான் அதே அளவில் நிற்கும். பத்து நாள் கூண்டுக்குள் கம்பும் மக்காச்சோளமும் தின்று உட்கார்ந்த புறாவிடம் எரிபொருள் நிறைய இருக்கும், எரிக்கும் திறன் குறைந்திருக்கும். வெயில் அடித்த முதல் நாளே அதை நூறு கிலோமீட்டர் கொண்டுபோய் டாஸ் விட்டால், அதாவது வீடு திரும்பும் பயிற்சிக்காகப் பறக்கவிட்டால், திரும்பாத புறாக்களுக்கு மழையைக் குறைசொல்ல முடியாது. அடைப்பு தவிர்க்க முடியாத நாட்களில் இரையைக் குறைத்து, திறந்தபின் மாடியைச் சுற்றி இரண்டு மூன்று நாள் பறக்கவிட்டு, அதன்பிறகே தூரத்தைத் தொட வேண்டும்.

அடைத்து வைப்பதால் குஞ்சுகளுக்கு வரும் நஷ்டம் இன்னும் ஆழமானது. புறா சூரியனைத் திசைகாட்டியாகப் பயன்படுத்துகிறது. ஆனால் சூரியன் எந்த நேரத்தில் எந்தத் திசையில் நிற்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறது. வோல்ஃப்காங் வில்ட்ச்கோவும் ரோஸ்விதா வில்ட்ச்கோவும் குழுவினருடன் சேர்ந்து, பிற்பகல் சூரியனை மட்டுமே பார்க்கும்படி இளம் புறாக்களை வளர்த்தார்கள். 1981-இல் வெளியான முடிவு இது: காலையில் விட்டபோது அவற்றால் சூரியனைப் பயன்படுத்த முடியவில்லை, காந்தப்புலத்தையே நம்பின. ஒரு பருவமழை முழுக்க இருட்டுக் கூண்டில் வளரும் குஞ்சுக்கும் இந்தப் பாடத்தில் குறை விழ வாய்ப்புண்டு. மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் தலைகாட்டினாலும், அந்த நேரத்தில் குஞ்சுகள் வெளியே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நாள் மேகம் மூடியிருந்தால் பழகிய பெரிய புறா என்ன செய்கிறது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் 1971-இல் இதைச் சோதித்தார். அனுபவமுள்ள புறாக்களின் முதுகில் சிறு காந்தக் கட்டைகளை ஒட்டிவிட்டார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை. மேகமூட்டத்தில் வழி தவறின. காந்தமில்லாத பித்தளைக் கட்டை ஒட்டியவை அதே மேகமூட்டத்தில் ஒழுங்காக வீட்டுத் திசை பிடித்தன. சூரியன் மறைந்தாலும் பழகிய புறாவிடம் மாற்று வழி இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. குஞ்சுகளை அந்த நம்பிக்கையில் அனுப்பக் கூடாது. முதல் முறை தூரம் போகும் குஞ்சுகளுக்கு இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதாகவே கீட்டனின் சோதனை காட்டியது. மேகமூட்டத்தில் பழைய புறாக்களைக் குறைந்த தூரத்தில் டாஸ் விடலாம், குஞ்சுகளை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கனமழைத் திரை விழுந்து சாலையும் ஏரியும் கட்டடமும் மறைந்துவிட்டால் பழைய புறாவுக்கும் அது சோதனைதான். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து உயரக் கோபுரங்களில் உட்கார்ந்திருக்கும் பைரிக்கு, நனைந்து தாழப் பறக்கும் புறா சுலபமான இரை.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்ததும் நோய் பரப்புவதில்லை. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால்தான் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்கின்றன. எச்சத்தை அன்றன்றே சுரண்டித் தரையை உலர்வாக வைத்தால் அந்தச் சங்கிலி அறுபடும். தானியத்தில் பூஞ்சை வாடை வந்தால் வெயிலில் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு காய்ந்தாலும் போகாது.

பந்தயப் பெட்டிக்கு அனுப்பும் நாளில் மட்டும் தூறலில்கூட விடக் கூடாது. பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கும் புறாவுக்குச் சிறகை விரித்துக் கோத இடமில்லை, காய வழியில்லை. விடும் ஊரிலும் மழை பெய்தால் புறாக்கள் பெட்டியிலேயே ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க நேரும். குளிக்கவிடுவது என்றால் அதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அனுப்பும் மாலையில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மார்பெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவுங்கள். இறகு பட்டாக வழுக்கி, விரலில் பொடி ஒட்டினால் அனுப்பலாம். இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஈரமாகப்பட்டால் அந்தப் புறாவைக் கூண்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் பந்தயம் இருக்கிறது.