100 அம்பியர் மணி பெட்டரி ஏன் சீக்கிரம் இறங்குகிறது?

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்வேர்ட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பெட்டரியில் 100 அம்பியர் மணி என்று இருக்கிறது. 50 அம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வர வேண்டுமே, ஏன் ஒன்றேகால் மணியிலேயே நின்றுவிடுகிறது?

அந்த 100 என்பது வழக்கமாக 20 மணி நேரக் கணக்கு. 5 அம்பியராக மெதுவாக எடுத்தால்தான் அவ்வளவும் கிடைக்கும். ஐந்தாறு எல்.ஈ.டி பல்புக்கு அது சரி. ரைஸ் குக்கரைப் போட்டால் இன்வேர்ட்டர் 50 அம்பியர் வரை கேட்கும், அப்போது கையில் வருவது 60 சொச்சம்தான்.

காரணம் ஈயத் தகட்டுக்குள் இருக்கிறது. தகடு நுண்துளைகள் நிறைந்தது. மின்சாரம் எடுக்கும்போது துளைகளில் உள்ள சல்பூரிக் அமிலம் ஈயத்தோடு சேர்ந்து ஈய சல்பேற்றாகப் படிகிறது, அங்கே தண்ணீர்தான் மிஞ்சுகிறது. வெளியிலிருந்து புது அமிலம் ஊறி உள்ளே வர வேண்டும், அது மெதுவான வேலை. அவசரமாக இழுத்தால் சல்பேற்று துளை வாயையே அடைத்துவிடும், பெட்டரிக்குள் இருக்கும் மின்தடையாலும் வோல்ற்றளவு சரியும். 10.5 வோல்ற்றுக்கு வந்ததும் பெட்டரி காலி என்று இன்வேர்ட்டர் நிறுத்திவிடும். மலை முழுக்கத் தண்ணீர் இருந்தும், வேகமாக அள்ளினால் ஊற்றுக்குழி வற்றுகிறதே, அப்படித்தான். உள்ளே மிச்சம் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துச் சின்ன பல்ப் ஒன்றைப் போட்டால் மறுபடி எரியும்.

இதை 1897இல் கணக்காக எழுதியவர் ஜெர்மானியரான போய்க்கர்ட். அவர் சூத்திரத்தில் வரும் அடுக்கு எண் 1 என்றால் இழப்பே இல்லை. அமிலம் ஊற்றும் சாதாரண பெட்டரிக்கு அது 1.2 அளவில் இருக்கும், பழசாக ஆக ஏறும். அதனால் பாரமான சாமான் ஓட்டுகிறவர்கள் ஒரு பெட்டரியை வருத்துவதைவிட, ஒரே மாதிரியான இரண்டைச் சமாந்தரமாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைப்பது நல்லது. ஒவ்வொன்றும் பாதிக் கரண்ட்டைக் கொடுப்பதால் மொத்த நேரம் இரு மடங்கையும் தாண்டும்.

நுவரெலியாவில் இன்னொரு சங்கடம் குளிர். 10 பாகை இரவில் அமிலம் தடித்து இன்னும் மெதுவாக ஊறும், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போலக் குறையும். வெளித் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஐதரசன் வாயு வரும்.