மேலே டிராகன், கீழே வாள்வீரன்

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கல்லூரி மாணவர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துவது என் தொழில். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. புதிதாக டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர், ஆகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது வான்சண்டையைப் பற்றித்தான். டிராகனின் பலத்தைக் குறைக்கலாமா, ஆடுகிறவர்கள் பறக்கும் இனப் பாத்திரங்களை எடுப்பதையே தடை செய்துவிடலாமா என்பார்கள். முதலில் மேசையில் வாளோடு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பாருங்கள் என்பேன். எதிரி 60 அடி உயரத்தில் வட்டமிடுகிறது. அவர் முறை வருகிறது. "நான் காத்திருக்கிறேன்" என்கிறார். அடுத்த சுற்றிலும் அதே பதில். அதற்கடுத்த சுற்றில் கை போனுக்குப் போய்விடும். அவர் அடுத்த வாரம் வராமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

அதனால் பறக்கும் எதிரியை இறக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இது எதற்காகத் தரைக்கு வர வேண்டும்?

பாதிப் பதில் விதிகளிலேயே இருக்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில், வளர்ந்த சிவப்பு டிராகன் ஒரு சுற்றில் 80 அடி பறக்கும். ஆனால் அதன் நெருப்பு மூச்சு 60 அடிதான் எட்டும். நீள்வில்லுக்கோ 150 அடி வரை எந்தச் சிரமமும் இல்லை. ஆக, நெருப்பைக் கக்க வேண்டுமென்றால் அது வில்லாளியின் எல்லைக்குள் வந்தே தீர வேண்டும். கக்கிய பிறகு ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழும்வரை மறுபடி கக்க முடியாது. அந்த இடைவெளியில் அதை உயரே நிறுத்திவைத்தால் சண்டை செத்துவிடும். கீழே அதற்கு வேண்டிய ஒன்றை வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு நான் வைப்பது பெரும்பாலும் அறுவடைக் களம்: பசியோடு வரும் வைவர்ன் என்ற இரண்டு கால் பறக்கும் மிருகம், களத்தோரம் கட்டிய மாடுகள். மாட்டைத் தூக்க இறங்கும் அந்த நொடிக்காக வாள்வீரன் தன் தாக்குதலைத் தயார்நிலையில் வைத்திருக்கலாம்.

வாள்வீரன் கையில் நாலு எறிஈட்டிகளையும் கொடுத்துவிடுங்கள். 30 அடி வரை இயல்பாக எறியலாம், 120 அடி வரை பாதகத்தோடு, அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுத்துக்கொண்டு, எறியலாம். சும்மா காத்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம் விழுதல். பலர் மேலோட்டமாகக் கடந்துபோகும் இடம் இது. வான்சண்டையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பறக்கும் உயிரினம் தரையில் கிடக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாலோ அதன் வேகம் பூஜ்யமானாலோ விழும். அந்தரத்தில் நிற்கும் திறன் உள்ளவையும் மந்திரத்தால் தாங்கப்படுபவையும் மட்டும் விதிவிலக்கு. அதாவது ஒரு வலை போதும். கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்டது) அளவுள்ள மிருகத்தின் மேல் சரியாக விழுந்தால் அது கீழே வந்துவிடும். வலை 15 அடிக்கு மேல் எட்டாது என்பதால் மாடியோ மரமோ ஏறித்தான் வீச வேண்டும், அதிலும் ஒரு சுவை இருக்கிறது. வளர்ந்த டிராகனுக்கு வலை பத்தாது.

சேதம் 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, உச்சம் 20 பகடை. கணக்கு 200 அடியோடு நின்றுவிடும். பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அதன் கலசத்திலிருந்து விழுந்தாலும் மேகத்திலிருந்து விழுந்தாலும் ஒரே சேதம், சராசரியாக 70. இப்படிச் சொன்னால் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு உயரம் உடனே பிடிபடும்.

பறக்கும் மந்திரம் போட்டுக்கொண்டு மேலே போகும் மந்திரவாதிதான் அதிகம் அடிபடுவார். அந்த மந்திரம் 10 நிமிடம் வரை நிற்கும், ஆனால் கவனம் கலையக் கூடாது. அடி விழும்போதெல்லாம் பகடை உருட்டி உடல்வலிமைச் சோதனை. இலக்கு 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. 30 புள்ளி சேதம் என்றால் 15 எடுக்க வேண்டும். தோற்றால் மந்திரம் முடிந்து அவர் விழுவார். இதை அவர் தரையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பல மாதம் ஆசையாக வளர்த்த பாத்திரம் தெரியாத விதியால் செத்தால் அந்த வருத்தம் லேசில் போகாது. இறகுபோல் இறக்கும் முதல் நிலை மந்திரம் ஒருவரிடம் இருந்தால், ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை காப்பாற்றலாம்.

உயரத்தை நினைவில் வைக்க முயலாதீர்கள். பாத்திரத்தைக் குறிக்கும் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பகடையை வையுங்கள்; 6 என்றால் 60 அடி. தூரத்துக்குப் பித்தாகரஸ் கணக்கு மேசையில் வேகமாக வராது. தரைத்தூரம், உயரம் இரண்டில் பெரிய எண்ணோடு சின்ன எண்ணில் பாதியைக் கூட்டுங்கள். 80 அடி தள்ளி, 60 அடி உயரம்: 110 வரும், சரியான விடை 100. இந்த வித்தியாசம் பரவாயில்லை. உயரத்தையே விட்டுவிட்டு 80 என்று வைத்தால் மட்டும், 80 அடி வீச்சுள்ள குறுவில் பாதகமில்லாமல் எய்துவிடும்.

களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்டாவையே கதைக்களமாக வைப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் வயல்வெளி தரையில் நிற்பவருக்கு ரொம்ப மோசமான இடம். வரப்பைத் தவிர மறைவே கிடையாது. தென்னந்தோப்பு, ஆற்றோர மூங்கில் புதர், வாய்க்கால் மதகு, ஏறி நிற்க ஒரு கோபுரம் என்று வரைபடத்தில் நாலு இடம் போடுங்கள். தோப்புக்குள் ஓடிவிட்டால் மேலிருப்பது தாழப் பறந்தே ஆக வேண்டும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பறக்கும் லாவகத்துக்கு ஐந்து தரம் உண்டு. நடுத்தரமும் அதற்குக் கீழும் ஒவ்வொரு சுற்றும் பாதி வேகமாவது முன்னே போக வேண்டும். ஐந்தாம் பதிப்பில் இது இல்லாதது எனக்கு இழப்பாகவே படுகிறது. வயலில் கரிச்சான் குருவி பருந்தை விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்தும் பின்னாலிருந்தும் கொத்தும். பருந்தால் சட்டென்று திரும்ப முடியாது. அனுபவமுள்ள குழுவுக்கு அந்தப் பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்து, பெரிய மிருகத்தின் பின்னால் தங்கிவிடும் சிறிய பறப்பவருக்குச் சாதகம் கொடுக்கிறேன். முதல்முறை ஆடுகிறவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு உயரமும் விழுதலும் பழகட்டும், திருப்பத்தை அடுத்த கதையில் சேர்த்துக்கொள்ளலாம்.